தகரக் கூரையை மாற்றலாமா என்று கேட்டவர்களுக்கு

நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். அம்பத்தூர் ஸ்டூடியோவின் தகரக் கூரையைக் கழற்றிவிட்டு, சத்தம் புகாத புதுக் கூரை போடலாமா என்று. சாவியையே கொடுத்துவிட்டேன், கூரைக்கு எதற்கு என்னிடம் அனுமதி என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம், கேட்டார்களே, அதுவே பெரிய விஷயம் என்று மனசு சமாதானமானது. ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம். எனக்குத்தான் ஒரே வார்த்தையில் பேசிப் பழக்கமில்லை. அந்தக் கூரைக்கு ஒரு கதை உண்டு. உங்களில் ஒருவருக்கு அதில் பாதி தெரியும். மீதிப் பாதியையும் கேட்டுக்கொள்ளுங்கள், பதில் கடைசியில் வரும்.

மைக்கை எங்கே வைப்பது, எந்தப் பொத்தானைத் திருகுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது பொறாமையைப் பற்றி. ஒலிப்பதிவுக் கூடத்தில் மின்சாரத்துக்கு அடுத்து அதிகமாக ஓடுவது அதுதான். அதை எந்தப் படிப்பிலும் சொல்லித் தருவதில்லை.

நானும் படித்து வந்தவள் இல்லை. கேட்கிற பாட்டையெல்லாம் வெற்றுக் கேசட்டில் பதிந்து தரும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன், அங்கேதான் காது திறந்தது. கடைக்காரர் ஒன்று சொல்வார்: "மெஷின் முள்ளு ஆடுறதைப் பார்க்காதம்மா, கேட்கிறவன் மூஞ்சியைப் பாரு." அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது மொத்தமே அவ்வளவுதான். அதை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில், ஏகாம்பரத்தின் லேத் பட்டறைக்கு மேல்மாடியைப் பிடித்து, அந்தத் தகரக் கூரைக்குக் கீழே ஒரு உள்கூரை கட்டி, ஸ்டூடியோ என்று பெயர்ப்பலகை மாட்டினேன். விளம்பரக் குரல், பக்திப் பாட்டு, பள்ளி ஆண்டுவிழா நடனப் பாட்டு என்று வந்ததையெல்லாம் பதிந்தேன்.

கடைசிச் சில வருடங்களாகத்தான் இந்தப் புதுப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். போஸ்ட் ராக் என்றார்கள். பாடகர் கிடையாது, வார்த்தையும் கிடையாது. பக்கத்து அறையில் ஃபேன் ஓடுவதுபோல மெல்லத் தொடங்கி, கிட்டார் மேல் கிட்டார் ஏறி, டிரம்ஸ் வந்து சேர்ந்து, ஒரு பெரிய அலையாக எழுந்து நின்று, அப்படியே வடிந்துவிடும். ஒவ்வொன்றும் பத்து நிமிடம் ஓடும். பகலெல்லாம் ஐ.டி. கம்பெனியில் ஒரு வார்த்தை பேச விடாமல் பேசிக் கொல்கிறார்கள், அதனால்தான் சாயங்காலம் வார்த்தையே இல்லாத இசை வேண்டியிருக்கிறது என்று ஒரு பையன் சொன்னான். எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது, இசையும் பிடித்துப்போனது. ஏகாம்பரத்துக்குத்தான் கடைசிவரை பிடிபடவில்லை. கீழேயிருந்து ஒரு முழு ஆல்பத்தையும் கேட்டுவிட்டு மேலே வந்து எட்டிப் பார்ப்பார்.

"இன்னாக்கா, பாடுறவன் இன்னும் வரலியா? அவன் வர்ற வரைக்கும் இவுங்க வாசிச்சிக்கினே கீறாங்களா?"

சிரிப்பதற்காகச் சொன்னாரோ என்னவோ, வேலையின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. பாடகர் இருக்கிற குழுவில் பொறாமைக்கு ஒரு முகவரி உண்டு. குரல்தான் முன்னால் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும், திட்டிக்கொண்டே ஒதுங்கி நிற்பார்கள். பாடகரே இல்லாத குழுவில் அந்த முன் இடம் காலியாகக் கிடக்கும். ஆளாளுக்கு அதில் துண்டு போடப் பார்ப்பார்கள்.

தாழ்வு மண்டலம் என்று ஒரு குழு. மழைக்காலத்தில் நம் ஊர் ரேடியோவும் டிவியும் வாய் ஓயாமல் சொல்கிற அதே தாழ்வு மண்டலம்தான். மூன்றே பேர். தினாவும் பிரவீனும் கிட்டார். ஷீபா டிரம்ஸ். ஷீபா ஆவடி குவார்ட்டர்ஸ் பெண், பள்ளிக்கூட அணிவகுப்பில் தோளில் முரசு மாட்டி அடித்துப் பழகியவள். முதல் ஆல்பம் பதிய வந்தார்கள். தினா என் வலப்பக்கம் உட்கார்ந்து "அக்கா, என்னுதைக் கொஞ்சம் ஏத்துங்க" என்பான். ஏற்றுவேன். இடப்பக்கத்திலிருந்து பிரவீன், "அக்கா, இப்ப என்னுது கேக்கவே இல்லியே" என்பான். அதையும் ஏற்றுவேன். ஷீபா பின்னாலிருந்து, "ரெண்டு பேரும் மொட்டைமாடிக்கே ஏறிட்டீங்க, நான் கீழேயே கிடக்குறேன்" என்பாள். இப்படியே போனால் எல்லாம் உச்சத்தில் நிற்கும், பாட்டு இருக்காது.

நான் கையை எடுத்துவிட்டேன். இனிமேல் யாரும் தன் கருவியைப் பற்றி என்னிடம் பேசக்கூடாது, அடுத்தவன் கருவி எந்த இடத்தில் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம் என்றேன். கடைசியில் தினாதான், யாருக்கோ அபராதம் கட்டுகிறவன் மாதிரி, "நடுவுல அவன் தனியா வர்ற இடம் நல்லாருக்கு" என்றான். பிரவீன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவன் தன் சத்தத்தைத் தானே குறைக்கச் சொன்னான். இந்த உபாயத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எந்தக் குழுவிடமும் செல்லும்.

இனி மழைக்கு வருகிறேன்.

மழை பிடித்தால் அந்தக் கூரையடியில் வேலை நடக்காது என்பது உங்களுக்குத் தெரியும். உள்கூரை என்ன தடுத்தாலும், தகரத்தில் விழும் சத்தம் மைக்கில் இறங்கிவிடும். மழை வந்தால் நிறுத்து, டீ குடி, விட்டதும் தொடங்கு. அதுதான் வழக்கம். ஒரு சாயங்காலம் தாழ்வு மண்டலம் ஒரு பெரிய உருப்படியைப் பதிந்துகொண்டிருந்தபோது நான்கைந்து சொட்டு விழுந்தது. கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷீபா அண்ணாந்து பார்த்துவிட்டு, அடிப்பதை நிறுத்தாமல் மெதுவாக்கினாள். சொட்டுக்கு இடம் விட்டு அடித்தாள். மழை வலுக்க வலுக்க அவளும் வலுத்தாள். நான் தூக்கிய கை அப்படியே நின்றது. அந்தப் பதிவுதான் ஆல்பத்தின் முதல் உருப்படி. தினா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்காகத்தாங்க்கா நாங்க இவ்ளோ நாளா வாசிச்சோம்" என்றான். தந்தி அறுந்து கண்ணில் பட்டுவிட்டது என்று பிரவீன் கேலி செய்தான்.

அதே மழைக்காலத்தில் முகப்பேரிலிருந்து இன்னொரு குழு வந்தது. நீலச்சுவர் என்று பெயர். அவர்கள் பதியும்போதும் மழை. நிறுத்தலாமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும், நன்றாக இருக்கிறது என்றார்கள்.

இங்கேதான் நீங்கள் கேட்பீர்கள். "போன வாரம் இன்னொரு குழுவும் மழையை வைத்திருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று. சொல்லியிருந்தால் தாழ்வு மண்டலத்தின் வெளிவராத பாட்டை நான் வெளியே விட்டவள் ஆவேன். இந்தத் தொழிலில் சட்டம் என்று ஒன்று உண்டென்றால் இதுதான்: ஒருவர் பதிந்ததை இன்னொருவர் காதில் போடக்கூடாது, அதைப் பற்றி மூச்சும் விடக்கூடாது. வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் இருப்பேன்.

பதிந்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து அளவு பார்க்கிற மிக்ஸிங்கைத் தினா இழுத்துக்கொண்டே போனான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று. அதற்குள் நீலச்சுவரின் ஆல்பம் இணையத்தில் வந்துவிட்டது. முதல் உருப்படியிலேயே தகரத்தில் விழுகிற மழை. வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் கேட்டு எழுதினார்கள். சென்னை மழையை இப்படி யாரும் பதிந்ததில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார்.

மறுநாள் மத்தியானம் இரும்புப் படியில் மூன்று பேர் ஏறிவரும் சத்தம் கேட்டது. தினா போனை என் மேசையில் வைத்து அந்தப் பாட்டை ஓடவிட்டான்.

"இது யார் மழைக்கா?"

இங்கே பதிந்ததுதான் என்று மறைக்காமல் சொன்னேன். அவர்கள் பாட்டு வெளியே வந்தாயிற்று, இனி அதைச் சொல்வதில் தப்பில்லை.

"அப்ப எங்க ஃபைலைத் தூக்கிக் குடுத்துட்டீங்க."

"குடுக்கலைப்பா. அவங்களுக்கும் மழை பெஞ்சுது."

"அவங்களுக்குன்னு தனியா பெஞ்சுதா?"

ஷீபா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "டேய், யார்கிட்டப் பேசுறோம்னு பார்த்துப் பேசு." அவன் கேட்கிற நிலையில் இல்லை. சந்தேகமாகக்கூடப் பேசவில்லை, ரொம்பத் தெளிவாகப் பேசினான். அதுதான் எனக்கு வலித்தது. நீலச்சுவரின் மூல ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது, அதைத் திறந்து மழையை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டுங்கள், வேறு வேறு மழை என்றால் உங்கள் காலில் விழுகிறேன், இல்லையென்றால் நாங்கள் இந்த ஆல்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுக் குழுவையே கலைத்துவிடுகிறோம் என்றான். அவர்களுடையது வந்த பிறகு எங்களுடையது வந்தால் காப்பி அடித்தவன் என்றுதானே எழுதுவார்கள் என்று கேட்டான்.

ஃபைல் திரையிலேயே இருந்தது. இரண்டு தட்டுத் தட்டினால் என் பெயர் சுத்தமாகிவிடும். மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் நீலச்சுவர் தப்பாக வாசித்தது, பாதியில் விட்டது, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டது எல்லாம் கிடந்தது. அது அவர்கள் வீட்டு உள்ளறை மாதிரி.

"நாளைக்கு அவங்க வந்து உன் ஃபைலைத் திறக்கச் சொன்னா நான் என்ன பண்ணட்டும்?" என்றேன்.

"அவங்க ஏன்க்கா வரப்போறாங்க? அவங்கதான் ஜெயிச்சிட்டாங்களே."

நான் திறக்கவில்லை. தினா தன் ஃபைலையெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனான். கீழே ஏகாம்பரம் வாசலில் நின்றிருக்கிறார். விஷயத்தைக் கேட்டுவிட்டு மேலே வந்தார்.

"மழைக்கெல்லாமாக்கா சண்டை போட்டுக்கினு கீறானுங்க? எம் பட்டறையிலயுந்தான் பூந்து இரும்பெல்லாம் துருவாச்சு. நான் யாரு மேல கேஸ் போடுறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபைலைத் திறக்காமல் விட்டதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் நடமாடினேன்.

பிறகு செய்தி வந்தது. முகப்பேரில் புதிதாகத் திறந்திருந்த ஸ்டூடியோவுக்குத் தாழ்வு மண்டலம் போயிருக்கிறது. அந்த இடத்தைப் பற்றி என் காதில் ஏற்கெனவே போதுமான அளவு ஊற்றியிருந்தார்கள். தரைக்கு அடியில் ரப்பர் போட்டிருக்கிறார்களாம். கதவை மூடினால் நம் மூச்சே நமக்குக் கேட்குமாம். காபி மெஷின் இருக்கிறதாம். வேலை பார்க்கிற பையன் சின்ன வயசாம், டிரம்ஸின் வெண்கலத் தட்டான சிம்பலின் கடைசி இழை அடங்குகிற வரை அவனுக்குக் கேட்குமாம். எனக்கு அந்த மேல் ஸ்தாயி ஒலியெல்லாம் கேட்பது நின்று சில காலம் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ரப்பர் தரையின் மேல் எனக்குப் பொறாமை இல்லை, காபி மேலும் இல்லை. அந்தக் காதின் மேல் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

மழையை எடுக்கச் சொல்லித்தான் தினா அங்கே போயிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். எடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஷீபாவின் ஒவ்வொரு அடியோடும் அது கலந்து மைக்கில் இறங்கியிருந்தது. பையன் திணறட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், நல்ல பிள்ளையாட்டம் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஆல்பம் வெளிவந்த அன்று, பூந்தமல்லியில் தங்கை வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன். குறை கண்டுபிடிக்கத்தான் மாட்டினேன். முதலில் சொட்டு. ஒன்று, நிறுத்தம், இன்னொன்று. கிட்டார் வரவில்லை. மழை வலுக்கிறது, இன்னும் கிட்டார் வரவில்லை. ஒரு நிமிடத்துக்கு வெறும் கூரை. என் கூரை. அப்புறம் ஷீபாவின் குச்சி, மழையிலிருந்தே முளைத்தது மாதிரி. நான் மிக்ஸ் செய்தபோது அந்த மழையைக் கிட்டாருக்கு அடியில் கொஞ்சமாக வைத்திருந்தேன். ஆரம்பத்தில் ஒன்றும் நடக்காவிட்டால் கேட்கிறவர்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்று பயம். இவன் பயப்படவில்லை. குறை கிடைக்கவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி நசரத்பேட்டையில் போய் இறங்கினேன். எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போது திரும்பக் கேட்டேன். அப்போதும் கிடைக்கவில்லை.

அன்றைக்கே ஷீபாவுக்குப் போன் போட்டேன். மழையை வைக்க எப்படிடி தினா ஒத்துக்கொண்டான் என்று கேட்டேன்.

ஷீபா சொன்னது இது. அந்தப் பையன் எதையும் திறக்கச் சொல்லவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. இணையத்தில் எல்லோரும் கேட்கிற நீலச்சுவரின் பாட்டைப் போட்டிருக்கிறான். பிறகு இவர்களுடையதைப் போட்டிருக்கிறான். மாற்றி மாற்றி. பிறகு தினாவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான்:

"ப்ரோ, அவங்களுது விடுற மழை. உங்களுது பிடிக்கிற மழை."

அவ்வளவுதான். நீலச்சுவரின் பாட்டில் மழை ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருக்கிறது, போகப் போகத் தளர்ந்து, கடைசியில் கூரை ஓரத்திலிருந்து கீழே பட்டறையின் எண்ணெய் டிரம்மில் சொட்டுகிறது. தாழ்வு மண்டலத்தில் ஒன்றுமில்லாமல் இருந்து சொட்டாகத் தொடங்கி வலுக்கிறது. சின்னக் குழந்தைக்குக் கேட்டாலும் தெரியும், இரண்டும் வேறு வேறு மழை என்று. தினா தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம். "அக்காகிட்ட என்னன்னு போய்ப் பேசுறது" என்று பிரவீனிடம் கேட்டானாம். இன்னும் வந்து பேசவில்லை. வருவான். வந்தால் டீ கொடுங்கள்.

போனை வைத்துவிட்டு நான் உட்கார்ந்திருந்தது வேறு விஷயத்துக்காக. அந்தச் சாட்சி என் மேசையிலேயே இருந்தது. அந்த மத்தியானம் தினாவின் போனில் ஓடிக்கொண்டிருந்ததே, அதுதான். யாருடைய உள்ளறையையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. நான் திரையில் இருந்த ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதைத் திறக்காத என் பெருமையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காதைத் திருப்பவில்லை. மேல் ஸ்தாயி கேட்காததால் தவறியது என்றால்கூட மனசு ஆறும். மழை பிடிப்பதும் விடுவதும் எந்தக் காதுக்கும் கேட்கும். நம்மைச் சந்தேகப்படுகிறார்கள் என்றதும் முதலில் அடைத்துக்கொள்வது காதுதான், பிள்ளைகளா. உங்களுக்கும் ஒரு நாள் அது நடக்கும். அன்றைக்கு வாதாட வேண்டாம். இன்னொரு தடவை போடுங்கள், கேளுங்கள்.

அந்த வாரமே முகப்பேருக்குப் போனேன். ரப்பர் தரையை மிதித்துப் பார்த்தேன். காபி நன்றாகத்தான் இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. பையன் எழுந்து நின்று, "அக்கா, நீங்க பதிஞ்சதுதான் எல்லாம். நான் வழி விட்டேன், வேற ஒண்ணுமில்ல" என்றான். அந்த அடக்கம் என்னை இன்னும் சுட்டது. திமிராகப் பேசியிருந்தால் திட்டிவிட்டுத் திரும்பியிருப்பேன். அந்த ஸ்டூடியோ அவனுடையது இல்லை, சம்பளத்துக்கு இருக்கிறான், இரண்டு நண்பர்களோடு சொந்தமாக ஓர் இடம் தேடுகிறான் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. வீடு வந்து சேருவதற்குள், சாவியை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

அருண், அந்த முகப்பேர்ப் பையன் நீதானே, உனக்குத் தெரியாத மீதிப் பாதி இதுதான். உன் வேலை பிடித்துத்தான் சாவியைக் கொடுத்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். பிடித்தது உண்மை. ஆனால் உன்னை அந்த அறையில் உட்கார வைத்துவிட்டால், உன் வேலையில் கொஞ்சம் என் அறையின் வேலை என்றாகிவிடும் அல்லவா? அந்தக் கணக்கும் இருந்தது.

இப்போது கூரை. மாற்றிவிடுங்கள். தாராளமாக மாற்றுங்கள். மழைக்காலம் முழுக்க வேலையை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தால் தொழில் நடக்காது, வருகிற குழுக்கள் காத்திருக்க மாட்டார்கள். இதைக் காரணமாக யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம்.

உங்களுக்கு மட்டும் உண்மைக் காரணம். அந்தக் கூரையில் பிடிக்கிற மழையும் பதிந்தாகிவிட்டது, விடுகிற மழையும் பதிந்தாகிவிட்டது. இரண்டும் என் கையால் பதிந்தவை. மூன்றாவதாக ஒன்று அங்கே விழுந்து, அதை நீங்கள் என்னைவிட நன்றாகப் பதிந்து, நான் பஸ்ஸில் உட்கார்ந்து கேட்கிற நிலை எனக்கு வேண்டாம். உங்களுக்கு ரப்பர் தரை இருக்கட்டும், நல்ல காது இருக்கட்டும். அந்த மழை கிடைக்கக் கூடாது.

கழற்றுகிற தகரத்தில் ஒன்றை மட்டும் ஏகாம்பரத்திடம் கொடுத்துவையுங்கள். துருப்பிடித்ததானாலும் பரவாயில்லை. என் வீட்டு மொட்டைமாடியில், துணி காயப்போடுகிற கொடிக்கு மேலே போட்டுக்கொள்கிறேன்.